இரண்டு ஜெர்ஸி, ஒரு முழங்கால்

செப்டம்பர் மாதம். நியூ ஜெர்ஸியில் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். இட்லி, சாம்பார், தமிழ் சேனல் எல்லாம் நம்மூர் மாதிரியேதான். வாசலில் மட்டும் செருப்புகளுக்குப் பக்கத்தில் சேறு அப்பிய பூட்ஸ், இரண்டு ஜோடி. மகளுக்குப் பதினாறு வயது, மகனுக்குப் பதினான்கு. இரண்டு பேரும் கால்பந்து ஆடுகிறவர்கள். (அங்கே அதற்கு சாக்கர் என்று பெயர். ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேறு சமாசாரம்.)

இரண்டு பேருக்கும் ஒரே பிரச்னை. பள்ளி டீமா, கிளப் டீமா?

பள்ளி டீம் என்றால் கூடப் படிக்கிற பிள்ளைகள், பெரிய செலவில்லை. நியூ ஜெர்ஸியில் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து நவம்பரில் முடிந்துவிடும். பெரிய கிளப் அப்படியில்லை. வருடத்தில் பத்து மாதம் ஆட்டம். பல ஆயிரம் டாலர் ஃபீஸ். வெளியூர் டோர்னமென்ட்டுக்கு விமான டிக்கெட், ஓட்டல் தனி.

பையனின் கிளப் கறாராகச் சொல்லிவிட்டது: பள்ளிக்கு ஆடக் கூடாது. ஆடினால் இங்கே இடமில்லை. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. சாயங்காலம் பள்ளிப் பயிற்சி. வாரத்தில் இரண்டு ராத்திரி கிளப் பயிற்சி. 'கட்டாயமில்லை, முடிந்தால் வா' என்கிறார் கிளப் கோச். வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் பெஞ்ச்சைத் தேய்க்க வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள்.

''ரொம்ப வலிக்குதாம்மா?''

''கொஞ்சம்தான். கோச்சுங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா.''

தம்பிக்கு ஒன்றை வெட்டிவிட்டார்கள். அக்காவுக்கு இரண்டையும் கட்டிவிட்டார்கள். இதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் அழகான பெயர் 'பேலன்ஸ்'. எனக்கு ஒரே ஒரு கேள்வி. இரண்டு நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டிய கணக்கை, ஒரு குழந்தையின் முழங்காலில் ஏன் எழுதுகிறீர்கள்?

இந்தத் தடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்க சாக்கர் சம்மேளனம் 2007-ல் டெவலப்மென்ட் அகாடமி என்று ஒரு லீக் ஆரம்பித்தது. 2012-ல் அதைப் பத்து மாத சீசனாக்கி, அதில் ஆடும் பையன்கள் பள்ளிக்கு ஆடக் கூடாது என்றது. சில விதிவிலக்குகள் தவிர மற்றவர்கள் ஏதாவது ஒன்றைத் தலைமுழுக வேண்டியதாயிற்று. 'உலகத் தரம் வேண்டுமென்றால் இதுதான் வழி' என்றார்கள். நடந்தது என்ன? 2018 உலகக் கோப்பைக்கு அமெரிக்க ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை. 2020-ல் அகாடமியையே இழுத்து மூடினார்கள். தோல்விக்குத் தடைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தடை காப்பாற்றவும் இல்லையே! அகாடமி போய்விட்டது. அந்த விதி மட்டும் பையன்களின் மேல்மட்டப் போட்டிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பள்ளி ஆட்டம் திறமையைக் கெடுக்குமாம். அதே நியூ ஜெர்ஸியில் டெல்ரான் உயர்நிலைப் பள்ளிக்கும் ஆடி, கிளப்புக்கும் ஆடியவர் கார்லி லாயிட். 2015 உலகக் கோப்பை ஃபைனலில் ஜப்பானுக்கு எதிராக முதல் 16 நிமிடத்தில் மூன்று கோல் போட்டார். கோல்கீப்பர் டிம் ஹோவர்ட், நார்த் பிரன்ஸ்விக்கில் பள்ளிக்குக் கால்பந்தும் ஆடினார், கூடைப்பந்தும் ஆடினார். கெட்டா போய்விட்டார்?

அடுத்தது ஸ்காலர்ஷிப் ஆசை. நம்மவர்கள் விழுவது இங்கேதான். அங்கே பள்ளி சாக்கர் ஆடும் பிள்ளைகள் எட்டு லட்சத்துக்கும் மேல். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும், பள்ளி வீரர்களில் கல்லூரியில் விளையாட்டுக்கென்று ஏதாவது உதவித்தொகை வாங்குகிறவர்கள் சுமார் 2 சதவிகிதம்தான். சொல்வது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பேதான். கிளப்புக்குக் கட்டிய பணத்தை பேங்க்கில் போட்டிருந்தால் காலேஜ் ஃபீஸில் ஒரு பங்காவது வந்திருக்கும்.

உடம்பு? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2016-ல் தெளிவாகச் சொன்னது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து லீவு. பத்து மாத சீசனில் மூன்று மாத லீவு எந்தப் பஞ்சாங்கத்தில் வரும்? முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதும் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்.

கிளப்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளி சீசனில் குறுகிய காலத்தில் மேட்ச்சுகளைத் திணிக்கிறார்கள். பல பள்ளிகளில் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதுதான் ஆட்டம். காலேஜ் கோச்சுகள் ஆள் தேடுவதும் அதிகம் கிளப் போட்டிகளில்தான். சரி. அதற்கு மருந்து அட்டவணையைத் திருத்துவது. பிள்ளையைத் துண்டு போடுவது அல்ல. முடியாத காரியமும் இல்லை. 2009-ல் பெண்களுக்காகத் தொடங்கிய ஈ.சி.என்.எல். லீக் பள்ளி சீசனுக்கு இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறது. பெண்களுக்கு முடிவது பையன்களுக்கு ஏன் முடியாது?

ஆனால், அட்டவணையில் இடம் விட்டால் போதாது. கோச் மனசிலும் விட வேண்டும். பள்ளி சீசன் முடியும் வரை கிளப் பயிற்சிக்கு வராத பிள்ளையை பெஞ்ச்சில் உட்கார வைக்கக் கூடாது. இரண்டு கோச்சுகளும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இதற்கு டாலர் எதுவும் செலவாகாது.

அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடுமுன் பிள்ளையை ஒரு தடவை கேளுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் பள்ளி மேட்ச் பார்க்கப் போனோம். பையனும் வந்தான். அவன் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவன் கேலரியில் என் பக்கத்தில். பந்து கோலை நெருங்கும்போதெல்லாம் இவனுடைய வலது கால் முன் சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தது. நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.