அலமாரிக்குள் ஓர் ஆப்பிள் மரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வழக்கு விசாரணை நடந்தது. வாதி, என் பள்ளிக்கூடத்துச் சினேகிதி. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்; ஞாயிறுதோறும் கோயிலில் குழந்தைகளுக்கு வேதபாடம் நடத்துகிறாள். பிரதிவாதி, எதிர்வீட்டில் குடியிருக்கும் இன்னொரு சினேகிதி. அவளுடைய பத்து வயதுப் பெண் 2005-ல் வந்த நார்னியா சினிமாவை எங்கேயோ பார்த்துவிட்டு, அந்தக் கதைப் புத்தகங்கள் ஏழும் வேண்டுமென்று அடம் பிடிக்கிறாளாம். பத்திரிகையில் வேலை பார்க்கிற பாவத்துக்காக நீதிபதி ஸ்தானம் எனக்கு.

"பேசுகிற சிங்கம், சூனியக்காரி, ஆட்டுக்கால் மனிதன்! எழுதியவர் பெரிய பக்திமான் என்கிறார்கள். குழந்தைக்கு இத்தனை பொய்யையும் சொல்லிவிட்டு, அப்புறம் வேதம் மட்டும் மெய் என்று நம்பு என்றால், அது எப்படியடி நம்பும்?" என்றாள் வேதபாடக்காரி.

நியாயமான கேள்விதான். முதலில் அவளுக்கு அவள் பாட்டியை ஞாபகப்படுத்தினேன். பாட்டியின் தலைமாட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் 'மோட்சப் பிரயாணம்' இருக்கும்; நானே பார்த்திருக்கிறேன். ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட கதை அது. அதிலும் சிங்கங்கள் வழிமறிக்கின்றன. அரக்கன் கோட்டையில் அடைக்கிறான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்று ஒரு காவியமே பாடி 1894-ல் வெளியிட்டார். பாட்டிக்கு ஆகுமென்றால் பேத்திக்கு ஆகாதா?

"அது உவமை. அரக்கன் என்றால் என்ன அர்த்தம் என்று படிக்கிற எல்லாருக்கும் புரியும். இது அப்படியா?" என்று மடக்கினாள். கெட்டிக்காரி.

வாஸ்தவம். பன்யனின் அரக்கனுக்குப் பெயரே 'அவநம்பிக்கை'. சமையலறை டப்பாவில் லேபிள் ஒட்டி வைத்த மாதிரி. நார்னியாக்காரரின் டப்பாக்களில் லேபிள் கிடையாது; திறந்து முகர்ந்து பார்த்தால்தான் மிளகா, சீரகமா என்று தெரியும். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் சினேகிதி கேட்ட அதே கேள்வியை ஒரு காலத்தில் அந்த நார்னியாக்காரரே கேட்டவர். அவர் பெயர் சி. எஸ். லூயிஸ். ஆக்ஸ்போர்டில் இலக்கிய ஆசிரியர். அவருடைய கல்லூரியின் பெயர், எழுதுவது மக்தலேன், சொல்வது மாட்லின். (ஆங்கிலத்தைப் பற்றி நம் குழந்தைகள் அழுவதில் ஆச்சரியமில்லை.) 1931-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ஆந் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு சினேகிதர்களுடன் கல்லூரியை ஒட்டிய ஆற்றங்கரை நடைபாதையில் உலாவப் புறப்பட்டார். ஒருவர் ஹ்யூகோ டைசன். மற்றவர் ஜே. ஆர். ஆர். டால்கீன், பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியர்.

லூயிஸ் அப்போது, கடவுள் உண்டு என்கிற வரைக்கும் வந்துவிட்டார். இயேசுவின் கதையில்தான் கால் தடுக்கியது. இறந்து உயிர்த்தெழும் தேவர்களைப் பற்றிப் பழைய புராணங்களில் எத்தனையோ படித்திருக்கிறோம். படிக்கும்போது நெஞ்சு உருகுகிறது. ஆனாலும் புராணம் என்பது அழகான பொய்தானே என்பது அவர் கட்சி. பொய்யல்ல என்றார் டால்கீன். மனிதனைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான். அதனால்தான் மனிதனுக்கும் படைக்கிற ஆசை. அவன் கட்டும் கதைகளில், கோணலாகவாவது, அந்த முதல் வெளிச்சம் விழத்தான் செய்யும். இயேசுவின் கதை என்பது நிஜமாகவே நடந்துவிட்ட புராணம். இதுதான் டால்கீனின் வாதம். திடீரென்று ஒரு காற்று அடித்து இலைகள் சடசடவென்று உதிர, மழையோ என்று மூவரும் நின்றுவிட்டார்களாம். பேச்சு லூயிஸின் அறையில் தொடர்ந்து, டால்கீன் வீட்டுக்குக் கிளம்பியபோது விடியற்காலை மணி மூன்று. அவருக்கு வீட்டில் மனைவியும் நாலு குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை நாமாவது நினைத்துக்கொள்வோம்.

ஒன்பது நாள் கழித்து, தமையனார் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் உட்கார்ந்து மிருகக்காட்சிசாலைக்குப் போகும் வழியில், லூயிஸுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. புறப்படும்போது இல்லை, போய்ச் சேரும்போது இருந்தது!

ஆனால் விதை அதற்கும் முன்னாலேயே விழுந்திருந்தது. 1916-ல், பதினேழு வயதுப் பையனாக, லெதர்ஹெட் ரயில் நிலையப் புத்தகக் கடையில் 'பான்டாஸ்டஸ்' என்ற பழைய நாவல் ஒன்றை வாங்கினார். ஜார்ஜ் மக்டானல்ட் என்ற ஸ்காத்லாந்துக்காரர் 1858-ல் எழுதியது. அறிவு ஒப்புக்கொள்ள இன்னும் பதினைந்து வருஷம் பிடித்தாலும், கற்பனை மட்டும் அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றுவிட்டதாக லூயிஸ் பின்னால் சொல்லிக்கொண்டார்.

இந்த மக்டானல்ட் ஒரு பாதிரியார். பிரசங்கத்தில் போதுமான கண்டிப்பு இல்லை என்று சபையார் சம்பளத்தைக் குறைத்தார்கள். 1853-ல் வேலையை விட்டுவிட்டார். பதினொரு குழந்தைகள். பேனாதான் சோறு போட வேண்டும். அவருடைய 'வடகாற்றின் பின்புறத்தில்' என்ற கதை சிறுவர் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து 1871-ல் புத்தகமாயிற்று. தொடர்கதைக்காக வாரா வாரம் காத்திருக்கிற உங்களுக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். அதில் வடகாற்று ஒரு ஸ்திரீ. நீண்ட கூந்தலுடைய அவள், நோஞ்சான் பையன் ஒருவனைக் கூந்தலுக்குள் வைத்துக்கொண்டு உலகம் சுற்றுகிறாள். மறு வருஷம் வந்த 'இளவரசியும் காப்ளின் பூதங்களும்' கதையில் மாடிக் கோபுரத்தில் ஒரு கொள்ளுப்பாட்டி ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் கொடுத்த நூல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விரலால் தடவிக்கொண்டே போனால் பூதங்களின் குகையிலிருந்தும் வெளியே கொண்டுவந்து விட்டுவிடும்.

(தம்முடைய பூதங்கள் இவரிடமிருந்து வந்தவைதாம் என்று டால்கீன் ஒப்புக்கொண்டிருக்கிறார். மக்டானல்டின் பூதங்களுக்குப் பாதம் மட்டும் பூப்போல மெத்தென்று இருக்கும், மிதித்தால் ஓடிவிடும். அதைத் தாம் ஒருநாளும் நம்பியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்!)

ஏன் இவர் கதைகளில் எங்கே பார்த்தாலும் தாயாரைப் போல ஒருத்தி வந்து அணைத்துக்கொள்கிறாள்? அவருடைய சரித்திரத்தைப் புரட்டினால் தெரிகிறது. 1832-ல் அவருக்கு எட்டு வயதாகும்போது தாயார் காலமாகிவிட்டார்.

டால்கீனுக்கு நாலு வயதில் தகப்பனார் போனார். தாயார்தாம் லத்தீனும், செடிகொடிகளின் பெயர்களும் சொல்லிக் கொடுத்தவர். அந்த அம்மாள் கத்தோலிக்க மதத்தைத் தழுவியதும் உறவினர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். 1904-ல் நீரிழிவு நோயில் உயிர் போயிற்று. வயது முப்பத்து நாலு. இன்சுலின் மருந்து வர இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தது. பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது.

லூயிஸுக்கு ஒன்பது வயது, 1908-ல். தாயாருக்குப் புற்றுநோய். அம்மா பிழைக்க வேண்டுமென்று அந்தச் சிறுவன் பிரார்த்தனை செய்தான். பிழைக்கவில்லை. சில வாரங்களுக்குள் அவனைக் கடல் தாண்டி இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. இந்த மூன்று வயதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லூயிஸும் டால்கீனும் அவர்களுடைய சினேகிதர்களும் சேர்ந்த கூட்டத்துக்கு 'இங்க்லிங்ஸ்' என்று பெயர். இங்க்லிங் என்றால் மனத்தில் அரைகுறையாகத் தோன்றும் எண்ணம். இங்க் என்றால் மை. இரண்டையும் முடிச்சுப் போட்ட சிலேடை. வியாழக்கிழமை இரவு லூயிஸின் அறையில் கூடுவார்கள். தேநீர் ஆனதும், 'யாராவது ஏதாவது எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களா?' என்று கேள்வி வரும். வாசிக்க வேண்டியது, உடனே அடி வாங்க வேண்டியது. முகஸ்துதி கிடையாது. டால்கீன் தம் கதையை வாசித்தால் டைசன் சோபாவில் சாய்ந்தபடி முனகுவாராம்! பெண்களுக்கு அங்கே இடமில்லை. டாரதி சேயர்ஸ் போன்ற பேர்பெற்ற எழுத்தாளர், லூயிஸுக்கு நல்ல சினேகிதியாக இருந்தும், அந்த அறையில் அங்கத்தினர் ஆகவில்லை. பெரிய பெரிய படிப்பாளிகள். இது மட்டும் தோன்றவில்லை பாருங்கள்.

ஒருவர் எழுத்தில் மற்றவர் நிழல் விழாமலா இருக்கும்? லூயிஸ் 1938-ல் வெளியிட்ட விண்வெளிக் கதையின் நாயகன் மொழி ஆராய்ச்சிப் பேராசிரியர். டால்கீனின் தொழிலும் அதுவே. டால்கீன் கதையில் நடந்து வரும் கிழ மரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுவது லூயிஸின் குரலில். ஆனால் டால்கீன் தமக்குக் கிடைத்ததாகச் சொன்னது வேறு. யோசனை அல்ல, ஊக்கம். வெகுநாள் லூயிஸ் ஒருவர்தாம் கேட்பதற்கு இருந்தார் என்றார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1937-ல் ஆரம்பித்து 1949-ல் முடிந்த கதை. எத்தனை தடவை பாதியில் நின்றதோ! ஒவ்வொரு தடவையும் 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்க ஒரு சினேகிதர் இருந்தார். புத்தகம் 1954-55-ல் வெளிவந்தது.

பதிலுக்கு டால்கீன் என்ன செய்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1949-ல் லூயிஸ் நார்னியாவின் முதல் கதையை வாசித்துக் காட்டினார். டால்கீனுக்குப் பிடிக்கவேயில்லை. கிரேக்கப் புராணத்து ஆட்டுக்கால் மனிதன், பனி நாட்டுச் சூனியக்காரி, கிறிஸ்துமஸ் தாத்தா, எல்லாரையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை. தம் கதைக்குப் பன்னிரண்டு வருஷம் காது கொடுத்தவரிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். லூயிஸ் மனம் நொந்தார். நல்ல வேளை, வேறொரு இளைய சினேகிதர் நன்றாயிருக்கிறது என்று சொல்ல, கதை பிழைத்தது. 1950 முதல் 1956 வரை வருஷம் ஒன்றாக ஏழு புத்தகங்கள்.

அவற்றில் 1955-ல் வந்த ஆறாவது புத்தகம் 'மந்திரவாதியின் மருமகன்'. நார்னியா எப்படிப் பிறந்தது என்று சொல்வது. டிகரி என்று ஒரு பையன். அப்பா இந்தியாவில் உத்தியோகத்தில் இருக்கிறார். அம்மா லண்டனில் படுத்த படுக்கை, பிழைப்பது கஷ்டம். பையன் வேற்றுலகத்துக்குப் போய்ச் சேருகிறான். தூரத்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஆப்பிள் பறித்து வரும்படி சிங்கம் அவனை அனுப்புகிறது. ஆப்பிள் கையில் இருக்கும்போது சூனியக்காரி எதிரே வந்து, 'முட்டாளே, இதை நேரே உன் அம்மாவிடம் கொண்டு போ, பிழைத்துவிடுவாள்' என்கிறாள். பையன் துடிக்கிறான். வாக்குக் கொடுத்தாயிற்றே! மிகுந்த வருத்தத்தோடு சிங்கத்திடம் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். புறப்படுவதற்கு முன்பு, அம்மாவைப் பற்றிக் கேட்டு நிமிர்ந்து பார்த்தபோது, சிங்கத்தின் கண்ணிலும் நீர் இருந்தது.

அப்புறம் சிங்கமே ஒரு பழம் எடுத்துப் போகச் சொல்கிறது. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், எழுந்துவிடுகிறாள். பழத்தின் நடுவைப் பையன் கொல்லையில் புதைக்கிறான். மரமாகிறது. பல வருஷம் கழித்துப் புயலில் விழுந்த அந்த மரத்தை வெட்டி ஓர் அலமாரி செய்கிறார்கள். முதல் கதையில் குழந்தைகள் கதவைத் திறந்து நார்னியாவுக்குள் போனது அந்த அலமாரி வழியாகத்தான்.

1908-ல் கேட்டுக் கிடைக்காததை லூயிஸ் 1955-ல் எழுதிக்கொண்டார். பொய்யா அது என்று கேட்டால், என் தீர்ப்பு இல்லை என்பதே.

வாழ்க்கை அதோடு விட்டதா? மணமே வேண்டாமென்றிருந்த லூயிஸ் 1956-ல் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். விவாகரத்தானவர், இரண்டு பையன்கள். டால்கீனுக்குச் சேதி நெடுநாள் கழித்து மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அதிலும் ஒரு மனத்தாங்கல். அதே வருஷம் ஜாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1957-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மறுபடி சமயமுறைப்படி மணம். அதன் பிறகு ஆச்சரியமாக எழுந்து நடமாடினார். ஆப்பிள் பலித்துவிட்டது என்றே தோன்றியிருக்கும். 1960 ஜூலையில் இறந்துபோனார். மூத்தவனுக்குப் பதினாறு, இளையவனுக்குப் பதினாலு. அதே நோய். அறுபத்தொரு வயது லூயிஸின் வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள் இரண்டு பேர்.

மூன்று வருஷந்தான். 1963 நவம்பர் 22-ஆந் தேதி லூயிஸ் காலமானார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதும் அன்றைக்கே. பத்திரிகைகளில் பேராசிரியருக்கு எங்கே இடம்? விலகியே இருந்த டால்கீன், மகளுக்கு எழுதிய கடிதத்தில் தம்மை வேரருகே வெட்டுண்ட கிழ மரமாகச் சொல்லிக்கொண்டார்.

இவ்வளவையும் அன்று கூடத்தில் சொல்லவில்லை. ஆப்பிள் வரைக்கும்தான் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேதபாடக்காரி ஒன்றும் பேசவில்லை. தட்டில் மீந்த பஜ்ஜியை எடுத்து வைத்தாள். போகும்போது வாசற்படியில் நின்று, "அந்த ஆறாவது புத்தகம் உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று முதலில் தான் பார்க்க வேண்டுமாம்.

புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறது.