சர்க்கரையும் சஞ்சலமும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

காலை பதினொரு மணி வகுப்பில் காரணமின்றி எரிச்சல் வருகிறதா? பக்கத்திலிருப்பவர் பேனா கேட்டால்கூடச் சினம் மூளுகிறதா? எனக்கு வந்தது. "எங்கள் வீட்டில் யார் கல்லூரி வாசலை மிதித்தார்கள், எனக்குப் படிப்பு ஏற?" என்று முதலாமாண்டு முழுவதும் அழுதிருக்கிறேன்.

ஆலங்குடிக்கு அப்பாலுள்ள எங்கள் ஊரில் ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அம்மா அதற்கு முன்பே களையெடுக்கப் போய்விடுவார். பேருந்து நிலையத்தில் இனிப்புத் தேநீரும் கிரீம் பிஸ்கட்டுமே என் காலை உணவு. வெறும் வயிற்றில் சேரும் சர்க்கரை இரத்தத்தில் விரைந்து ஏறுகிறது. இன்சுலின் சுரந்ததும் சிலருக்குச் சட்டென இறங்கிவிடுகிறது. குளுக்கோஸை நம்பி வாழும் மூளை தவிக்கிறது. படபடப்பும் சோர்வும் பிறக்கின்றன. என் தலைவிதி என்று நான் நினைத்ததில் ஒரு பங்கு தேநீர்க் குவளையில் இருந்தது!

இது புதுச் செய்தியன்று. நம் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், ஒரு கூட்டம் எலிகளுக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி கொடுத்தார். மற்றொரு கூட்டத்திற்கு வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், இனிப்புத் தேநீர், டப்பா இறைச்சி. முன்னவை அமைதியாக வளர்ந்தன. பின்னவை வளர்ச்சி குன்றி, உணவிட்டவர்களையே கடித்தன. அறுபதாம் நாள் வாக்கில் எளியவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936இல் இலண்டன் சொற்பொழிவுகளில் அவர் கூறியது இது.

எலி வேறு, மனிதர் வேறு என்பீர்கள். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மனச்சோர்வுற்ற 67 பேர் பங்கேற்றனர். 12 வாரம் உணவைத் திருத்திக்கொண்ட பிரிவில் மூவரில் ஒருவர் நலமடைந்தனர். பேச்சுத்துணை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு எட்டுப் பேரே. சிறிய ஆய்வுதான். வறுமையும் கடனும் அரியரும் தரும் துயரை உணவு மட்டும் போக்காது என்பதும் மெய்யே. ஆயினும் நம் கைக்கு எட்டும் வழி இது.

ஒரு நாள் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால் லிட்டர் கோலா ஒன்றே அந்த அளவைத் தொட்டுவிடும்!

நான்காம் வகுப்புப் படிக்கும் என் தம்பி, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பள்ளியிலேயே பொங்கல் உண்டு பாடம் கேட்கிறான். அக்காவுக்கோ பிஸ்கட்! இவ்வாண்டு முதல் இரவே அவித்துவைத்த கடலையை எடுத்துவருகிறேன். பதினொரு மணி இப்போது அமைதியாகவே கழிகிறது. கடலை விளைவது நம் மண்ணில். நாம் தின்பது பொட்டலத் தீனி. கல்லூரி உணவகத்தில் காலை ஒன்பது மணிக்குச் சுண்டலோ கம்பங்கூழோ குறைந்த விலையில் கிடைக்கச் செய்தால் எத்தனையோ பேர் பிழைப்போம்.

பேராசிரியப் பெருமக்களே! வகுப்பில் தலை கவிழ்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று கடியுமுன், "சாப்பிட்டாயா?" என்று ஒரு முறை கேளுங்கள்.