டயர் விலை வேறு; டயர் செலவு வேறு!

புதுக் கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் போகும்?" என்பதுதான்.

சில ஆண்டுகள் கழித்து, அதே காருக்கு டயர் மாற்ற வேண்டி வருகிறது. அப்போது அவர் கேட்பது என்ன?

"டயர் என்ன விலை? எவ்வளவு நாள் உழைக்கும்?"

இந்த இரண்டு கேள்விதான். "இந்த டயரைப் போட்டால் பெட்ரோல் எவ்வளவு செலவாகும்?" என்று கேட்பவர் அரிது. கேட்டாலும், பல கடைகளில் அதற்குப் பதில் கிடைக்காது.

இது பெரிய குறை. டயர் வாங்குகிறவர் கண்ணில் படும்படி, ஒவ்வொரு டயரிலும் இந்தப் பதிலை எழுதி ஒட்ட வேண்டும். அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

டயர் பெட்ரோல் குடிக்குமா?

குடிக்கும்! எப்படி என்று பாருங்கள்.

டயர் உருளும்போது, தரையில் படும் இடம் நசுங்குகிறது. தரையை விட்டு மேலே போனதும், பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. 60 கிலோ மீட்டர் வேகத்தில் கார் போனால், நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் இப்படி நசுங்கி நிமிர்கிறது.

நசுக்குவதற்குச் செலவான சக்தி முழுவதும் திரும்பக் கிடைப்பது இல்லை. ஒரு பகுதி சூடாக மாறி, வீணாகப் போகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த காரின் டயரைத் தொட்டால் சுடும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் போடுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

காற்று குறைந்த சைக்கிளை மிதித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கால் வலிக்கும், சைக்கிள் நகராது. காருக்குக் கால் வலிக்காது. பெட்ரோல் செலவாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு "உருளும் தடை" என்று பெயர்.

எல்லா டயரும் ஒன்று அல்ல

கடையில் அடுக்கி வைத்த டயர்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கறுப்பு நிறம், வட்ட வடிவம். ஆனால் உள்ளே வேறு வேறு. ரப்பரில் கலந்த பொருள்கள் வேறு. கட்டு வேறு. எடை வேறு.

ஐரோப்பாவில் டயர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து இருக்கிறார்கள். 1,000 கிலோ எடை உள்ள காரை சமமான ரோட்டில் உருட்டிக்கொண்டு போக, முதல் வகுப்பு டயருக்கு ஆறரை கிலோ இழுப்பு போதும். கடைசி வகுப்பு டயருக்கு பத்தரை கிலோவுக்கு மேல் வேண்டும். கார் ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான்!

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், 2006-ம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால், பெட்ரோல் 1 முதல் 2 சதவீதம் வரை மிச்சம் ஆகும் என்று அந்த அறிக்கை சொல்லியது.

ஒரு சதவீதம் என்ன பெரிதா என்று தோன்றும். மாற்று டயர்கள் எல்லாம் அந்த அளவு திருந்தினால், அமெரிக்காவில் ஆண்டுக்கு 100 கோடி முதல் 200 கோடி காலன் வரை மிச்சம் ஆகும் என்று அதே அறிக்கை கணக்குப் போட்டது. இது 20 லட்சம் முதல் 40 லட்சம் வண்டிகள் ரோட்டுக்கு வராமல் இருப்பதற்குச் சமம்.

வீட்டுக் கணக்கு

நாட்டுக் கணக்கு இருக்கட்டும். வீட்டுக் கணக்கு என்ன?

ஒரு கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் போகிறது. டயர் 40,000 கிலோ மீட்டர் உழைக்கிறது. அதற்குள் சுமார் 2,670 லிட்டர் பெட்ரோல் செலவாகும். டயரினால் 3 சதவீதம் கூடுதலாகச் செலவானால், 80 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால், 8,000 ரூபாய்!

விலை குறைவு என்று டயருக்கு 500 ரூபாய் மிச்சம் பிடித்தவர், நாலு டயருக்கு 2,000 ரூபாய் லாபம் என்று மகிழ்வார். அந்த டயர் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தால், லாபம் போய் நஷ்டம் வரும். தினமும் கார் ஓட்டிப் பிழைக்கிற டாக்சி டிரைவருக்கு, இது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம்.

விலை கூடிய டயர் எல்லாம் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பதும் தப்பு. விலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் எழுதி ஒட்ட வேண்டும்.

புது டயர் போட்டதும் மைலேஜ் குறைவது ஏன்?

அமெரிக்காவில் 1975-ல் ஒரு சட்டம் வந்தது. கார்கள் இத்தனை மைல் கொடுக்க வேண்டும் என்று அது கார் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. இந்தியாவிலும் 2017 முதல் கார் கம்பெனிகளுக்கு இப்படிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே, சுலபமாக உருளும் டயரைக் கார் கம்பெனிகள் கேட்டு வாங்குகின்றன.

டயர் மாற்றும்போது அப்படிக் கேட்க ஆள் இல்லை. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும், கார் கம்பெனிக்காகச் செய்த டயர் வேறாக இருக்கலாம். அழகுக்காக அகல டயர் போட்டால், எடையும் கூடும். காற்றின் எதிர்ப்பும் கூடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. தேய்ந்த டயர், புது டயரை விடச் சுலபமாக உருளும். ரப்பர் குறைந்துவிட்டது அல்லவா? மேலும், தேய்ந்த டயர் சற்றுச் சிறியது. அதிகம் சுற்றுவதால், மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆகவே, புது டயர் போட்ட முதல் மாதத்திலேயே "மைலேஜ் போச்சே" என்று டயரைத் திட்டுவது நியாயம் அல்ல.

அதற்காக மொட்டை டயரோடு ஓடலாமா? கூடவே கூடாது. மொட்டை டயர் பெட்ரோலை மிச்சப்படுத்தும். மழையில் உயிரை மிச்சம் வைக்காது!

பிடிப்பும் வேண்டும்

"சுலபமாக உருளும் டயர் வழுக்காதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்பு ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைந்தது. பிரான்ஸ் நாட்டு மிஷெலின் கம்பெனி, 1992-ல் ரப்பரில் சிலிக்கா கலந்து செய்த டயரைக் கொண்டு வந்தது. அது சுலபமாக உருண்டது. ஈர ரோட்டில் பிடிப்பும் குறையவில்லை.

ஆகவே, இரண்டும் உள்ள டயரைக் கேட்பது பேராசை அல்ல.

அவர்கள் செய்தார்கள்

கலிபோர்னியா மாநிலம் 2003-ல் ஒரு சட்டம் செய்தது. மாற்று டயர்கள், சராசரியாக, புதுக் காரில் வரும் டயர்களுக்குக் குறையாமல் பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் டயருக்கு அட்டை கட்டாயம். பெட்ரோல் செலவு, ஈர ரோட்டில் பிடிப்பு, சத்தம் மூன்றும் அதில் இருக்கும். நல்லது பச்சை, மோசம் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

இந்திய சர்க்காரும் 2022 ஜூன் மாதம், கார், பஸ், லாரி டயர்களுக்கு விதி வெளியிட்டது. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் அதில் எல்லை உண்டு. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால், எல்லை என்பது பாஸ் மார்க்கு மாதிரி. 35 வாங்கிய பையனும் பாஸ். 95 வாங்கிய பையனும் பாஸ். யார் எவ்வளவு என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?

குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திர அட்டை இருப்பது வீட்டுப் பெண்களுக்குக் கூடத் தெரியும். டயருக்கும் நட்சத்திரத் திட்டம் உண்டு. அது விரும்பிய கம்பெனிகள் ஒட்டலாம் என்ற அளவில்தான் தொடங்கியது. விருப்பம் போதாது. மார்க்கு குறைந்தவன் தானாக மார்க்கு அட்டையைக் காட்டுவானா?

அதுவரை செய்ய வேண்டியது

டயர் வாங்குகிறவர்கள் மூன்று காரியம் செய்யலாம்.

கடைக்காரரிடம், "இதன் உருளும் தடை என்ன? ஈரப் பிடிப்பு என்ன?" என்று கேட்க வேண்டும். பத்து பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

கார் கம்பெனி சொன்ன அளவை மாற்றக் கூடாது.

மாதம் ஒரு தடவையாவது காற்றைப் பார்க்க வேண்டும். நாலு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால், மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். எவ்வளவு நல்ல டயரானாலும், காற்று இல்லாவிட்டால் கெட்ட டயர்தான்.

டயர் செய்கிறவருக்கு அதன் குணம் தெரியும். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அவருக்கும் தெரிய வேண்டும். அதுதான் நியாயம்.