கடலுக்குப் போனால் போய்விடுமா?

கடலில் போட்டதைக் கடல் கொண்டுபோய்விடும் என்று பெரியநீலாவணை முதல் நிந்தவூர் வரை யாரும் மேடையேறி வாதிடுவதில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாரும் அதை நம்பித்தான் நடக்கிறோம். சாய்ந்தமருதுத் தோணாவின் கரையில் நின்றால் இந்த நம்பிக்கையைக் கண்ணால் காணலாம், மூக்காலும் அறியலாம். முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும் கோடையில் கோழிக் கழிவும் மீன் குடலும் பம்பர்ஸும் ஷொப்பிங் பேக்குகளும் கறுத்த நீரில் ஊறுகின்றன. மாரி வெள்ளம் வீட்டு வாசலைத் தொட்டதும் முகத்துவாரம் வெட்டிவிடப்படுகிறது. அத்தனையும் கடலுக்குள் பாய்கிறது, ஊர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது.

எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அதற்கான பதிலை ஒலுவில் துறைமுகம் எப்போதோ சொல்லிவிட்டது. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த அந்தத் துறைமுகத்தால் நமக்குக் கிடைத்த உருப்படியான பயன் இந்தப் பாடம் ஒன்றுதான் என்றுகூடத் தோன்றுகிறது. அலைதடுப்பைக் கடலுக்குள் நீட்டியதும் துறைமுக வாயை மணல் மூடியது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தென்னைகளைச் சாய்த்தது. காரணம், இந்தக் கரையில் மணல் ஆழத்துக்குப் போய்விடாமல் பெரும்பாலும் கரையை ஒட்டியே தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. தெற்கிலிருந்து வரவேண்டிய மணலைத் தடுத்ததால்தான் வடக்குக் கரை கரைந்தது. மணலை இப்படி நகர்த்தும் அலை பொலித்தீனுக்கு மட்டும் வேறு சட்டம் வைத்திருக்குமா? நிந்தவூரின் குப்பை காரைதீவுக்கு, காரைதீவின் குப்பை சாய்ந்தமருதுக்கு, நம்முடையது மருதமுனைக்கு. வாடைக் காலத்தில் நீரோட்டம் திசை மாறும்போது கணக்கும் மாறும், அவ்வளவுதான். நாம் கடலில் போடுவதாக நினைப்பதில் பெரும்பகுதியைப் பக்கத்து ஊரின் கரைவலை மடிக்குள்தான் போடுகிறோம்.

கரைக்குத் திரும்பாதவையும் அழிந்துவிடுவதில்லை. வெயிலும் அலையும் பொலித்தீனை நொறுக்கும், ஆனால் இல்லாமல் ஆக்காது. முழுப் பையைச் சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்குகிறது. அதுவே துகளானால், நீரை வடித்து நுண்ணுயிர்களை உண்ணும் நெத்தலியும் கீரியும் விழுங்குகின்றன. பாரையையும் சூரையையும் குடல் களைந்துதான் சமைக்கிறோம். நெத்தலிக் கருவாட்டை யாரும் குடல் களைந்து பொரிப்பதில்லை. மீன் கழிவு மீனுக்கே உணவுதானே என்பாரும் உண்டு. திறந்த கடலில் சிறிதளவு என்றால் சரி. அடைபட்ட தோணாவில் அது அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது. கடலில் பிறந்து கழிமுகத்தில் வளரவேண்டிய இறாலும் மணலைக் குஞ்சும் அங்கே மூச்சுவிட வழியில்லை. சந்தையில் மீன் குறையவில்லையே என்று கேட்பவர், தட்டில் கிடக்கும் சூரை பல நாள் படகு எங்கோ ஆழ்கடலில் பிடித்தது என்பதை மறந்துவிடுகிறார். கரையின் நலத்தைக் கரைவலைக்காரரிடம்தான் கேட்கவேண்டும்.

கடல் நீர் தூய்மையானது, அது நஜீஸாகாது என்று மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு குல்லத்துக்குக் குறையாத நீர், நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை சுத்தமானது என்பது நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபின் சட்டம். அந்த மூன்று அடையாளங்களையும் வைத்துக்கொண்டு தோணாவைச் சோதித்துப் பார்க்கட்டும். மேலும், அது வுழூ செய்யலாமா என்பதற்கான தீர்ப்பு. குப்பை கொட்டலாமா என்பதற்கானது அல்ல. நீர்த்துறையில் மலசலம் கழிப்பதைச் சாபத்துக்குரியது என நபியவர்கள் எச்சரித்தது இந்த வாதத்தில் ஏனோ நினைவுக்கு வருவதேயில்லை.

கப்பல்களைக் காட்டி நம் பை என்ன பெரிது என்பது இன்னொரு தப்பித்தல். 2020 செப்டெம்பர் 3இல் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' தீப்பற்றியபோது இந்த மாவட்டமே பதறியது. அதிலிருந்த ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய் நல்லவேளையாகக் கொட்டவில்லை. 2021இல் மேற்குக் கரையில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்து மூழ்கியபோது அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகளே 1,600 தொன்னுக்கு மேல். கடல் அவற்றையும் எங்கோ கொண்டுபோய்விடவில்லை, நீர்கொழும்பு மணலில் குவித்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. கப்பலுக்கு உரிமையாளர் உண்டு, வழக்குப் போடலாம். தோணாவில் மிதக்கும் பைக்கு யார் மேல் வழக்குப் போடுவது?

நியாயமான மறுப்பு ஒன்றுதான்: கல்முனைக்கு நிலம் எங்கே? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே தோளோடு தோள் உரசும் வீடுகள். உண்மை. உள்ளே கொண்டுபோய்க் கொட்டியதன் விளைவையும் பார்த்தாயிற்று: பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. ஆனால் நிலமில்லாத ஊர்தான் குப்பையை முதலில் பிரிக்கவேண்டிய ஊர். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. அதை வாசலிலேயே பிரித்து வாங்கினால் மீதிக்கு வேண்டிய இடம் பாதியாகும். கோழிக்கடைக்கும் மீன் சந்தைக்கும் தனி வண்டி போதும். வெள்ளத்துக்குத் தோணாவை வெட்டத்தான் வேண்டும், மறுக்கவில்லை. மாரிக்கு முன் ஓகஸ்ட், செப்டெம்பர் என்று இரண்டு காய்ந்த மாதங்கள் இருக்கின்றன. மாநகர சபை அப்போதே தோணாவை அள்ளி முடித்து, முகத்துவாரத்துக்கு உள்பக்கமாக ஒரு வலைத் தடுப்பையும் போட்டுவிட்டு, அதன்பிறகு வெட்டட்டும்.