ஐம்பதில் ஏழாவது

அச்சுப் படத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/50 என்று எழுதியிருந்தால், கண்காட்சிக்கு வருகிறவர்களில் பலருக்கு ஆர்வம் பாதியாகிவிடுகிறது. நகல்தானே என்ற நினைப்பு. ஐம்பது தடவையும் கையால் மை பூசியது யாருக்கும் தோன்றுவதில்லை.

அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியின் படங்கள் இதற்கு நல்ல பதில். 1925இல் ஆந்திரத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்து, பிறகு பாரிஸ் போனவர். அங்கே ஹேட்டர் நடத்திய ‘அட்லியே 17’ பட்டறையில், ஒரே உலோகத் தகட்டில் பல வண்ணங்களை ஏற்றி ஒரே அழுத்தில் அச்சிடும் முறையைச் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கினார். சூட்சுமம் மையின் பதத்தில் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் அதிகம் கலந்த இளகிய மையைக் கடினமான உருளை தகட்டின் மேடுகளில் மட்டும் பூசும். அடுத்து மென்மையான உருளை கெட்டி மையோடு பள்ளங்களுக்குள் இறங்கும். எண்ணெய்ப் பசையுள்ள இடத்தில் கெட்டி மை ஒட்டாது. வண்ணங்கள் கலக்காமல் அருகருகே நிற்கும். மேடு பள்ளமாகச் செதுக்கிய அந்தத் தகடே ஒரு சிற்பம்தான்.

1963இல் அவர் செய்த ‘சுழல்’ இப்படிப் பிறந்ததே. இந்த முறை தெரியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் வண்ணக் குழப்பம். கலைக்கூடங்கள் விலைச்சீட்டை ஒட்டுவதற்கு முன், முடிந்தால் தகட்டையும் பக்கத்தில் வைக்கட்டும்.