பிரிந்த பின் கைக்கூலி யாருக்கு?



மனைவியை விலக்கும் கணவன், அவளுக்குக் கொடுத்த மஹர் பொற்குவியலாக இருப்பினும் அதில் எதையும் திருப்பி எடுக்கலாகாது. அந்நிஸா அத்தியாயத்தின் 20ஆம் வசனம் இதைத் தெளிவாக்குகிறது. அவளே பிரிவு கோரும் குல்உவில் மாத்திரம் பேசி முடித்த ஈட்டை அவள் கொடுப்பாள்.

கைக்கூலியின் நிலை என்ன? மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்றே நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதனைக் கூறுகிறது. ஆகவே அது அவன் கையிலுள்ள அமானிதம். பிரிந்தால் அவளிடமே சேர வேண்டும்.

ஆனால், ஊருக்கு வெட்கப்பட்டுப் பதிவில் “இல்லை” என்று எழுதிவிட்டு, வீட்டுக்குள் இலட்சங்களை எண்ணிக் கொடுக்கிறோம். நாளை காதியார் அத்தாட்சி கேட்டால் மகள் எதைக் காட்டுவாள்?

வாப்பாமாரே, உம்மாமாரே! கொடுத்தால் கொடுத்ததை நிகாஹ் பதிவில் எழுதுங்கள். நகைகளுக்கும் ஒரு பட்டியல் எழுதி, சாட்சிகளின் கையொப்பத்துடன் மகளிடம் கொடுத்து வையுங்கள்.