போன் திரைக்குள் ஒளிரும் கார்பன்: சென்னை ஐஐடியில் படித்தவரின் ஆய்வு நமக்குச் சொல்வது என்ன?

சோழவரத்தில் அதிகாலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் பிடிக்க நிற்பவர்கள் கையில் எல்லாம் போன் ஒளிர்கிறது. அது ஓஎல்இடி திரை என்றால், அந்த வெளிச்சத்தைத் தருவது 'ஆர்கானிக் செமிகண்டக்டர்'. போன் நம்ம ஊர்ப் பக்கத்திலேயே தயாராகுது. ஆனா அந்தத் திரை?

ஆர்கானிக்னா என்ன?

உரம் போடாத காய்கறி இல்லை. கார்பனை அடிப்படையாகக் கொண்ட, மின்சாரத்தை அளவாகக் கடத்தும் பொருள். சிலிக்கான் சிப் தயாரிக்க அதிக வெப்பம் வேண்டும். இதை குறைந்த வெப்பத்தில், வளையும் பிளாஸ்டிக் மேலேயே படிய வைக்கலாம். 1987-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இதை வைத்து 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் ஒளி வர வைத்தனர்.

சென்னைக்கு என்ன தொடர்பு?

வெளிச்சம் மட்டும் போதாது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு ஸ்விட்ச் வேண்டும். அதுதான் டிரான்சிஸ்டர். அதையும் ஆர்கானிக் பொருளிலேயே செய்ய முயன்றவர்களில் ஒருவர் அனந்த் தொட்டபலாப்பூர். சென்னை ஐஐடியில் பி.டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

இந்த டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடுவது முழுப் பொருளிலும் அல்ல, சில மூலக்கூறு தடிமனே உள்ள மெல்லிய அடுக்கில்தான் என்று 1995-ல் 'சயின்ஸ்' இதழில் அவரது குழு காட்டியது. 1998-ல் விளக்கு, ஸ்விட்ச் இரண்டையும் ஆர்கானிக் பொருளில் செய்து ஒரே புள்ளியாக இணைத்தது. பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

அப்போ நம்ம போனில் இருப்பது அதுவா?

இல்லை. இன்றும் போன் திரைகளில் ஸ்விட்ச் வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் சிலிக்கான்தான். ஆர்கானிக் டிரான்சிஸ்டரில் மின்சாரம் மெதுவாகத்தான் நகரும். காற்றும் ஈரமும் பட்டால் சீக்கிரம் கெடும். அதாவது, ஆய்வில் பாதி கடைக்கு வந்துவிட்டது; மீதி இன்னும் லேபில்தான்.

இதில் நமக்கு என்ன?

கண்டுபிடித்தாலே தொழிற்சாலை வந்துவிடாது. ஓஎல்இடியை உருவாக்கிய கோடாக்கே 2009-ல் அந்தத் தொழிலை தென்கொரியாவின் எல்ஜிக்கு விற்றது. இன்று ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் தென்கொரியாவிலும் சீனாவிலும்தான் தயாராகின்றன. போனில் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று திரை. அது வெளியிலிருந்து வரும்வரை அந்தப் பணமும் வெளியேதான் போகும், இங்கே மிஞ்சுவது பாகங்களைப் பொருத்தும் கூலி.

2024-ல் சென்னை ஐஐடியில் அமோலெட் திரை ஆய்வு மையம் தொடங்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனா லேபில் ஒரு புள்ளி ஒளிர்வதற்கும் தொழிற்சாலையில் ஒரு திரை ஒளிர்வதற்கும் நடுவே பல வருஷம் இருக்கு. அதுவரை பணம் போட்டுக் காத்திருக்க யார் தயார் என்பதுதான் கேள்வி.